கரும்புக் காட்டின் மேல் ஒரு ஜெட் விமானம்



பங்குனித் திங்களில் கொடுமுடிக்கு வருவோர் காவிரியைக் கண்டு சற்றே ஏமாற்றமடைவர். ஆடியில் இரு கரையும் தொட்டுப் பெருகும் ஆறு, அப்போது மணல் திட்டுகளுக்கிடையே ஒடுங்கி ஓடும். அக்கரையில் நாமக்கல் மாவட்டம். இக்கரையில் கரும்பும் மஞ்சளும் வாழையும். அத்தகைய ஒரு பங்குனி மாலையில், நம் பங்கைச் சேர்ந்த இளைஞர் ஒருவர் பங்கு இல்லத்தின் வாசலில் ஒரு வேனைக் கொண்டுவந்து நிறுத்தினார். கோவையில் பொறியியல் பயின்று, அங்கேயே ஒரு தொழிற்சாலையில் பணிபுரிபவர். வேனுக்குள் இரண்டு மீட்டர் நீளமுள்ள ஒரு விமானம் இருந்தது.

"ஃபாதர், நாளைக்கு ஆத்து மணல்ல முதல் தடவையாப் பறக்க விடறோம். நீங்க வந்து மந்திரிச்சுக் குடுக்கணுங்க" என்றார்.

புதிய மோட்டார் சைக்கிளையும் டிராக்டரையும் மந்திரித்துப் பழகியவர்கள் நாம். விமானம் ஒன்றை மந்திரிக்க அழைப்பு வந்தது அதுவே முதன்முறை. வானில் செல்வோரின் பாதுகாவலியாக லொரேத்தோ அன்னையைத் திருத்தந்தை பதினைந்தாம் பெனடிக்ட் 1920-ஆம் ஆண்டில் அறிவித்தார் என்பது நினைவுக்கு வந்தது. மகிழ்ச்சியுடன் இசைந்தோம். அதன் பிறகுதான், பேச்சுவாக்கில், "இதற்கு எஞ்சின் ஏது தம்பி? பேட்டரியா?" என்று வினவினோம்.

"இல்லீங்க ஃபாதர். நெஜ ஜெட் எஞ்சின். மண்ணெண்ணெய்ல ஓடுது."

பொம்மை என்று எண்ணினோம்

அவ்விளைஞர் அன்று நமக்கு ஒரு மணி நேரம் பாடம் நடத்தினார். அதன் சாரத்தை வாசகர்களுக்கும் கூறுதல் நலம்.

ஜெட் விமானம் ஒன்று உலகில் முதன்முதலாகப் பறந்தது 1939 ஆகஸ்டு 27-ஆம் நாள், ஜெர்மனியில். அதற்குரிய எஞ்சினை வகுத்தவர் ஹான்ஸ் ஃபொன் ஓஹைன். இங்கிலாந்தில் ஃபிராங்க் விட்டில் என்பவர் அதற்கு முன்னரே, 1930-இல், இத்தகைய எஞ்சினுக்குக் காப்புரிமை கோரி, 1937-இல் ஒன்றை இயக்கியும் காட்டியிருந்தார். அத்தத்துவத்தையே சிறிதாக்கி மாதிரி விமானத்தில் பொருத்தலாம் என்பது 1983-இல் இங்கிலாந்தில் மெய்ப்பிக்கப்பட்டது. பின்னர் கூர்ட் ஷ்ரெக்லிங் என்னும் ஜெர்மானியர், வீட்டுப் பட்டறையிலேயே செய்யத்தக்க ஒரு டர்பைனை வடிவமைத்தார். காற்றை அமுக்கும் அதன் சக்கரம் ஒட்டுப் பலகையால் ஆனது. கார்பன் இழையால் வலுவூட்டப்பட்டது! இன்றோ இவை உலோகத்தால் ஆகி, கடைச் சரக்காகவே கிடைக்கின்றன.

லாரித் தொழிலை அறிந்த நம் கொங்கு மக்களுக்கு இதன் உள்ளமைப்பை விளக்குவது எளிது. டீசல் லாரியில் 'டர்போ' என்று ஒன்று இருக்கிறதன்றோ? அதைப் போலவே ஒரே தண்டின் இரு முனைகளில் இரு சக்கரங்கள். முன் சக்கரம் காற்றை உறிஞ்சி அமுக்குகிறது. நடுவிலுள்ள அறையில் எண்ணெய் எரிகிறது. வெளிப்பாயும் அனல் பின் சக்கரத்தைச் சுழற்றுகிறது. அது முன் சக்கரத்தையும் சுழற்றுகிறது. எஞ்சிய அனற்காற்று பின்னோக்கிப் பீறிட, விமானம் முன்னோக்கிச் செல்கிறது. தண்டின் தாங்கிகள் தேயாதிருக்க, எரிபொருளிலேயே நூற்றுக்கு ஐந்து பங்கு அளவில் எண்ணெய் கலக்கப்படுகிறது.

இது வரை வியப்பு. இனி வருவது அச்சம். கையடக்கமான இந்த எஞ்சினின் சக்கரம் நிமிடத்திற்கு ஒரு இலட்சம் முறைக்கு மேல் சுழல்கிறது. 66 மில்லிமீட்டர் குறுக்களவுள்ள சக்கரம் நிமிடத்திற்கு 1,20,000 முறை சுழன்றால், அதன் விளிம்பு மணிக்கு ஏறத்தாழ 1,490 கிலோமீட்டர் வேகத்தில் செல்கிறது என்று கணக்கிட்டுக் காட்டினார். ஒலியின் வேகத்தையும் மிஞ்சிய வேகம் அது. பின்வழியே வெளியேறும் வாயுவின் வெப்பம் 600 டிகிரிக்கும் மேல். பத்து நிமிடம் பறக்க மூன்று, நான்கு லிட்டர் எண்ணெய் வேண்டும். அந்த எண்ணெய் முழுவதும் அனலுக்கு அருகிலேயே, மெல்லிய உடலுக்குள் இருக்கிறது.

"இதோட எடை என்ன, வேகம் என்ன?" என்றோம். 15 கிலோ, மணிக்கு 250 கிலோமீட்டர். நாமும் ஒரு தாளை எடுத்துக் கணக்குப் போட்டோம். குருமடத்தில் மெய்யியல் படிப்பதற்கு முன் கல்லூரியில் பௌதிகம் படித்தவர்கள் நாம். வண்டியும் ஆளுமாக 200 கிலோ எடையுள்ள மோட்டார் சைக்கிள் ஒன்று மணிக்கு 68 கிலோமீட்டர் வேகத்தில் மோதினால் எவ்வளவு வலு உண்டோ, அவ்வளவு வலு இந்தப் 'பொம்மை'க்கும் உண்டு. ஓட்டுநர் அதன் மேல் அமர்ந்திருக்கவில்லை என்பது ஒன்றே வேறுபாடு.

"இதை யார் சோதித்துப் பார்த்தார்கள் தம்பி?"

"மாடல் விமானத்துக்குச் சான்றிதழ் தேவையில்லைன்னு சட்டமே சொல்லுதுங்க ஃபாதர்."

ஒரு பழைய காயம்

அவ்விடையைக் கேட்டதும் நம் மனம் இருபது ஆண்டுகளுக்குப் பின்னே சென்றது. அப்போது நாம் வேறொரு பங்கில் இருந்தோம். திருவிழாவுக்கு வாணவேடிக்கை வைக்க இளைஞர்கள் இசைவு கேட்டனர். "வருஷா வருஷம் வைக்கிறதுதானே" என்று கூறி, ஒரு கேள்வியும் கேளாமல் தலையசைத்தோம். அன்றிரவு ஒரு வாணம் சாய்ந்து பாய்ந்தது. ஓலைக் கூரை ஒன்று எரிந்தது. எட்டு வயதுச் சிறுமி ஒருத்தியின் வலக்கை வெந்தது. அவள் பிழைத்தாள், ஆனால் இரு விரல்கள் மடங்கியபடியே நின்றுவிட்டன. அக்குடும்பத்தார் நம்மை ஒரு சொல்லும் கடிந்து பேசவில்லை. அடுத்த ஞாயிறு அச்சிறுமி இடக்கையை நீட்டி நற்கருணை வாங்க வந்தபோது நாம் பட்டது நமக்கே தெரியும். அன்று நாம் கேட்டிருக்க வேண்டிய கேள்விகள் மூன்றே மூன்று: எங்கே வைக்கிறீர்கள்? யார் வைக்கிறார்கள்? தவறினால் என்ன செய்வீர்கள்?

ஆகவே, "நாளை வேண்டாம் தம்பி. சட்டத்தை இருவருமாக முழுமையாகப் படிப்போம்" என்றோம். இளைஞரின் முகம் வாடியது. நண்பர்கள் பத்துப் பேர் கோவையிலிருந்து வருவதாக இருந்தனர். அவர் மறுமொழி கூறுமுன், துணைக்கு வந்திருந்த அவருடைய அப்பாரு திண்ணையிலிருந்து வாய் திறந்தார்.

"சாமி சொல்றது சரிதானுங்க. ஆத்தோரம் நம்ம கரும்பு இன்னும் வெட்டலீங்க. சோகை காஞ்சு கெடக்குது. ஒரு பொறி போதுங்க. நம்முது போனாலும் போகட்டும். பக்கத்துக் காட்டுக்காரன் கடன் வாங்கி வெச்சிருக்கான்."

கரும்புக் காடு தீப்பற்றி எரிவதைக் கண்டவர்களுக்கு விளக்கம் தேவையில்லை. ஓராண்டு உழைப்பு அரை மணியில் கருகிவிடும்.

சட்டம் சொல்வது என்ன?

நம் நாட்டில் ஆளில்லா வானூர்திகளை ஆளுவது 2021 ஆகஸ்டு 25-ஆம் நாள் வெளியிடப்பட்ட ட்ரோன் விதிகளாகும். அவை எடையைக் கொண்டு பிரிக்கின்றன: 250 கிராம் வரை 'நானோ', அதற்கு மேல் 2 கிலோ வரை 'மைக்ரோ', 25 கிலோ வரை 'சிறியது', 150 கிலோ வரை 'நடுத்தரம்', அதற்கும் மேல் 'பெரியது'. 25 கிலோவுக்கு மேற்படாமல், கல்வி, ஆராய்ச்சி, வடிவமைப்பு, சோதனை, பொழுதுபோக்கு ஆகியவற்றுக்கு மட்டுமே பயன்பட்டு, கண்ணெதிரே இயக்கப்படுவதற்கு 'மாதிரி' என்று பெயர்.

மாதிரியை இயக்குவதற்கு வகைச் சான்றிதழ் தேவையில்லை என்று விதி கூறுவது உண்மையே. இளைஞர் அந்த ஒரு வரியோடு நின்றுவிட்டார். நாம் மேலும் படித்தோம். வகைச் சான்றிதழ் வேண்டாம் என்றால் எதுவுமே வேண்டாம் என்று பொருளாகாது. அரசுத் தளத்தில் பதிவு செய்து தனி அடையாள எண் பெறவேண்டும். நானோவுக்கும், வணிக நோக்கமின்றி இயக்கும் மைக்ரோவுக்கும் மட்டுமே இயக்குநர் சான்றிதழிலிருந்து விலக்கு உண்டு. 15 கிலோ விமானத்துக்கு அது வேண்டும். அதனைப் பெற 18 முதல் 65 வயதுக்குள் இருந்து, பத்தாம் வகுப்புத் தேறி, விமானப் போக்குவரத்துத் தலைமை இயக்ககத்தின் அங்கீகாரம் பெற்ற பள்ளியில் பயிற்சி முடிக்கவேண்டும். பிறருக்கு நேரும் இழப்புக்கான காப்பீடு நானோ தவிர மற்றவற்றுக்கு உண்டு. வான்வெளியோ பச்சை, மஞ்சள், சிவப்பு என வரைபடத்தில் பிரிக்கப்பட்டுள்ளது. பச்சைப் பகுதியில் 400 அடி உயரம் வரை முன் இசைவின்றிப் பறக்கலாம். மீறினால் ஒரு இலட்சம் ரூபாய் வரை தண்டம்.

ஆயினும் வாசகர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். இவ்விதிகள் எடையைப் பற்றிப் பேசுகின்றன. உயரத்தைப் பற்றிப் பேசுகின்றன. எஞ்சின் பேட்டரியில் ஓடுகிறதா, அனலைக் கக்கும் டர்பைனா என்று பிரித்து நோக்கவில்லை. எல்லாத் தாள்களையும் பெற்ற பிறகும், "இந்த எஞ்சினைச் சோதித்தவர் யார்?" என்ற நம் கேள்விக்குச் சட்டத்தில் விடை இல்லை. சட்டம் மௌனமாயிருக்கும் இடத்தில் பொறுப்பு நம் கைக்கு வருகிறது.

பிறர் வகுத்த நெறி

இத்தகைய இடத்தைப் பிற நாட்டார் எவ்வாறு நிரப்பினர்? அமெரிக்காவில் 1936-இல் தோன்றிய மாதிரி விமானக் கழகம், டர்பைன் விமானத்தை உறுப்பினர் எவரும் விருப்பம்போல் இயக்க விடுவதில்லை. அதற்கெனத் தனி இசைவுச் சீட்டு உண்டு. அதனைப் பெற விரும்புவோர், ஏற்கெனவே அனுபவமுள்ள டர்பைன் இயக்குநரின் கண்முன் எஞ்சினை முறையாக இயக்கி அணைத்தும், விமானத்தைப் பறக்கவிட்டு இறக்கியும் காட்டவேண்டும். வேகத்துக்கு மணிக்கு 200 மைல் என்று வரம்பு. தீயணைப்புக் கருவி அருகில் இன்றி எஞ்சினை முடுக்கலாகாது. பிரிட்டனில் 25 கிலோவுக்கு மேற்பட்ட மாதிரியாயின், கட்டும் போதே ஆய்வாளர் வந்து பார்வையிடுவார்; பிறகு சோதனைப் பறத்தல்; அதன் பின்னரே பொதுமக்கள் முன்னிலையில் பறக்கலாம்.

இவ்வளவு கெடுபிடி எதற்கு என்று கேட்கலாம். 2017-இல் ஜெர்மனியில் மாதிரி ஜெட் விமானம் ஒன்று மணிக்கு 749 கிலோமீட்டர் வேகத்தை எட்டி உலகச் சாதனை புரிந்தது. விளையாட்டு அவ்வளவு தூரம் வளர்ந்துவிட்டது. வளர்ந்ததற்கு ஏற்ற வேலியும் வேண்டுமன்றோ? அந்நெறிகளை வகுத்தோர் இக்கலையை வெறுப்பவர்கள் அல்லர். அதன் மேல் காதல் கொண்டவர்களே. ஒரு விபத்து போதும், ஊரார் இக்கலையையே தடை செய்துவிடுவர் என்பதை அவர்கள் அறிவர்.

அணையாத எஞ்சின்

அடுத்த ஞாயிறு மாலை, எஞ்சினைத் தரையில் மட்டும் இயக்கிப் பார்ப்பது என்று முடிவாயிற்று. ஆலய வளாகம் வேண்டாம் என்றோம். ஊருக்கு வெளியே, வீட்டுமனைக்காகப் பிரித்துத் தார்ச்சாலை போட்டு, ஒரு வீடும் எழும்பாமல் கிடந்த இடம் ஒன்று இருந்தது. உரிமையாளரிடம் எழுத்தில் இசைவு பெறப்பட்டது. கரியமிலவாயுத் தீயணைப்புக் கருவி இரண்டு, நனைத்த சாக்குகள், குடங்களில் நீர். பிள்ளைகளைக் கயிறு கட்டி நாற்பது அடிக்கு அப்பால் நிறுத்தினோம். எஞ்சினின் பக்கவாட்டிலும் பின்புறத்திலும் எவரும் நிற்கலாகாது என்று இளைஞரே கண்டிப்பாய்க் கூறினார். சக்கரம் உடைந்தால் துண்டுகள் பக்கவாட்டிலேயே பாயும் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது.

எஞ்சின் சீறி எழுந்தது. அந்த ஒலியை எழுத்தில் வடிக்க இயலாது; வயிற்றுக்குள் அதிர்ந்தது. பிள்ளைகள் காதைப் பொத்திக்கொண்டு குதித்தனர். நாமும் ஒரு கணம் பிள்ளையானோம் என்பதை மறைப்பானேன்?

பிறகு நாம் படித்துக் குறித்து வைத்திருந்த ஒரு சோதனையைச் செய்யச் சொன்னோம். கையிலுள்ள ரேடியோக் கருவிக்கும் விமானத்துக்கும் தொடர்பு அறுந்தால், எஞ்சின் சில விநாடிகளில் தானே அணைந்துவிட வேண்டும். பிடிமானமில்லாத விமானம் முழு வேகத்தில் ஊருக்குள் பாயாமல் தடுப்பது இந்த ஏற்பாடே. "ஆளைப் போட்டு விமானத்தைப் பிடித்துக்கொண்டு, கருவியை அணையுங்கள் தம்பி" என்றோம்.

அணைத்தார். எஞ்சின் அணையவில்லை.

ஐந்து விநாடி. பத்து விநாடி. அதே சீற்றம். தொடர்பு அறுந்ததும் கடைசியாகக் கிடைத்த கட்டளையையே பிடித்துக்கொள்ளுமாறு விமானத்திலிருந்த வாங்கி அமைந்திருந்தது. எஞ்சினில் குறையில்லை, ரேடியோவிலும் குறையில்லை. அமைக்க வேண்டிய ஒன்றை அமைக்க மறந்திருந்தார், அவ்வளவே. மணிக்கு 250 கிலோமீட்டர் என்றால் விநாடிக்கு 69 மீட்டர். பத்து விநாடியில் ஏறத்தாழ 700 மீட்டர். ஆற்று மணலிலிருந்து அவருடைய அப்பாருவின் கரும்புக் காடு அத்தனை தூரங்கூட இல்லை. அதைத் தாண்டினால் இரயில் பாதை. அதையும் தாண்டினால் ஓலைச் சாளைகள்.

கருவியை மீண்டும் இயக்கி எஞ்சினை முறைப்படி நிறுத்தினார். ஒருவரும் பேசவில்லை. இளைஞரின் கைகள் நடுங்கின. அப்பாரு அருகே சென்று பேரனின் தோளைத் தட்டினார். "தப்பு இல்லடா சாமி. பறக்கறதுக்கு முன்னால தெரிஞ்சுதல்ல" என்றார். அம்முதியவர் கூறியதைவிடச் சிறந்த விளக்கத்தை எந்தச் சட்ட நூலிலும் நாம் காணவில்லை. சோதனை என்பது அவமதிப்பன்று. பிழை மலிவாக இருக்கும்போதே அதைக் கண்டுகொள்ளும் வழி அது.

மாசி மாதக் காலை

அவ்விளைஞர் அதன் பின் அவசரப்படவில்லை. பயிற்சிப் பள்ளியில் சேர்ந்து சான்றிதழ் பெற்றார். விமானத்தைப் பதிவு செய்தார், காப்பீடு எடுத்தார். இருபத்தைந்து மணி நேரம் ஓடியதும் எஞ்சினைப் பிரித்துப் பழுது பார்க்கத் தயாரிப்பாளருக்கே அனுப்பவேண்டும் என்ற விதியைக் கடைப்பிடிக்க, ஓடிய நேரத்தைக் குறிக்க ஒரு நோட்டுப் புத்தகம் தொடங்கினார். டர்பைன் விமானம் இயக்கிப் பழகிய மூத்தவர் ஒருவரை வெளியூரிலிருந்து அழைத்துவந்தார்.

மறு ஆண்டு மாசியில், அப்பகுதிக் கரும்பு வெட்டி முடிந்தபின், அதே தார்ச்சாலையில் ஒரு காலைப் பொழுதில் நாம் விமானத்தை ஆசீர்வதித்தோம். மூத்தவர் ஒரு தாளைக் கையில் வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாக வாசிக்க, இளைஞர் ஒவ்வொன்றுக்கும் 'சரி' என்று மறுமொழி கூறினார். ஆலயத்தில் மன்றாட்டுமாலை சொல்வது போலிருந்தது. தொடர்பு அறுக்கும் சோதனையும் அவற்றுள் ஒன்று. எஞ்சின் உடனே அணைந்தது. பிறகு மறுபடி முடுக்கி, விமானம் ஓடி, எழுந்து, வெள்ளிக் கோடாய்க் கிழக்கே காவிரியை நோக்கிச் சென்று திரும்பியது. ஆறு நிமிடம் பறந்தது. இறங்கி நின்றபோது அப்பாரு கண்களைத் துடைத்துக்கொண்டார்.

இல்லங்களுக்கு ஒரு சொல்

நம் வாசகர்களில் எத்தனை பேர் ஜெட் விமானம் விடப் போகிறார்கள் என்று கேட்கலாம். ஆனால் ட்ரோன் இன்று கொங்கு நாட்டு வயல்களுக்கு வந்துவிட்டது. 2021 விதிகளின் கீழ் நாட்டின் முதல் வகைச் சான்றிதழ் 2022 ஜூனில் வழங்கப்பட்டது வேளாண் ட்ரோன் ஒன்றுக்கே. மகளிர் சுய உதவிக் குழுக்கள் 15,000-க்கு ட்ரோன் வழங்கும் திட்டத்துக்கு 2023 நவம்பரில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்தது. விலையில் 80 விழுக்காடு, எட்டு இலட்சம் ரூபாய் வரை, மானியம். கூலிக்கு மருந்து தெளிக்கும் ட்ரோன் 'மாதிரி' ஆகாது. அதற்கு வகைச் சான்றிதழும் இயக்குநர் சான்றிதழும் உண்டா என்று கேட்டு வாங்குங்கள். திருமண வீட்டில் பிள்ளைகளின் தலைக்கு மேல் படம் பிடிக்கும் ட்ரோனுக்கும் அதே கேள்வி பொருந்தும்.

பெற்றோரே, உங்கள் மகன் அல்லது மகள் புதிதாய் ஒன்றைச் செய்து காட்ட வரும்போது, "அதெல்லாம் வேண்டாம்" என்று துரத்தாதீர்கள். துரத்தப்பட்ட பிள்ளை ஆற்று மணலுக்கு ஒளிந்து சென்று செய்வான். "என்னவோ செய்" என்று கைகழுவவும் வேண்டாம். அருகே அமர்ந்து அந்த மூன்று கேள்விகளைக் கேளுங்கள்: எங்கே செய்கிறாய்? உன்னைச் சோதித்தவர் யார்? தவறினால் என்ன செய்வாய்?

இக்கட்டுரையை எழுத வேண்டுமென்று நம்மைத் தூண்டியது ஒரு கடிதம். கை வெந்த அச்சிறுமி இன்று ஓர் ஆரம்பப் பள்ளியில் ஆசிரியையாய் இருக்கிறாள். திருமண அழைப்பிதழ் அனுப்பியிருந்தாள். உறையின் மேல் முகவரியை இடக்கையால் எழுதியிருந்தாள். எழுத்து அழகாகவே இருந்தது. அவளுக்காக நாம் கேளாமல் விட்ட கேள்வியை, இன்னொருவருடைய பிள்ளைக்காகக் கேட்டுவிட்டோம் என்ற நிம்மதியுடன் அவ்வழைப்பிதழை மேசையின் மேல் வைத்திருக்கிறோம்.